வேதாளையில் ஒருவர், ஓரியூரில் ஒருவர்

பெரியபட்டினத்தில் இறங்கி ஊரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சந்தனக்கூட்டைத்தான் சொல்வார்கள். மகான் செய்யதலி ஒலியுல்லா தர்காவில் வருஷா வருஷம் நடக்கும் விழா அது. சுற்றுவட்டாரத்து இந்துக்களும் வந்து நேர்ந்துகொள்வார்கள். ராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டி, தென்னையும் பனையும் மணலுமாகக் கிடக்கும் ஊர். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீடுகளுக்குப் பக்கத்திலேயே கிடுகு வேய்ந்த கொட்டகைகளும் இருக்கின்றன.

இது ஒரு காலத்தில் சீனக் கப்பல் வந்து நின்ற துறை. 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கூடை கூடையாகக் கிடைத்தன. பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமா, சீனப் பயணி ஒருவர் குறித்துவைத்த துறைமுகம் இதுதான் என்று வாதிட்டார். கல்வெட்டுகளில் வரும் பவித்திரமாணிக்கப்பட்டினமும் இதுவே என்பார்கள். திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு பாண்டியன் கல்வெட்டு, அந்தப் பட்டினத்துச் சோனகர்களின் பள்ளிவாசலுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் மானியம்! ஹீப்ரு எழுத்துப் பொறித்த கல்லறைக் கல் ஒன்றும் இங்கே கிடைத்தது. மரியம் என்ற யூதப் பெண்ணுடையது.

எங்கிருந்தோ வந்து இங்கே செத்தவர்களை இந்தக் கரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளும். மேற்கே ஏர்வாடியில் இப்ராஹீம் பாதுஷா நாயகம் இருக்கிறார். மதீனாவிலிருந்து வந்து போரில் உயிர் துறந்தவர் என்பது நம்பிக்கை. இன்று அங்கே மனநோய் தீர வேண்டி எல்லா மதத்துக்காரர்களும் தங்கிக் கிடக்கிறார்கள். நான் தேடி வந்தது அதே கரையில் செத்த வேறு இருவரை. இருவரும் கத்தோலிக்கப் பாதிரிகள், இருவரும் சேசு சபைக்காரர்கள், இருவருமே மண்டியிட்டுச் செபித்துவிட்டு வெட்டப்பட்டவர்கள். ஒருவர் 1549இல் வேதாளையில், மற்றவர் 1693இல் ஓரியூரில். ஓரியூர்க்காரருக்கு இன்று கிடாய் வெட்டுகிறார்கள், முடி இறக்குகிறார்கள், பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். வேதாளைக்காரரின் பெயரைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஏன் இப்படி என்பதுதான் என்னைக் கிளப்பிவிட்ட கேள்வி.

பெரியபட்டினத்திலிருந்து கரையோரமாகவே கிழக்கே போனால் புதுமடம் வரும். அங்கிருந்து உச்சிப்புளிக்கு ஏறி ராமேஸ்வரம் நெடுஞ்சாலையைப் பிடித்தால், மண்டபத்துக்கு முன்னால் வலது கைப்பக்கம் பிரியும் சாலையில் வேதாளை. மரைக்காயர்கள் வாழும் ஊர். பழைய பள்ளிவாசல்கள், சாய்ந்த மீசான் கற்கள், வலை உலரும் மணல், தூரத்தில் தீவுகளின் பச்சைக் கோடு. இங்கே சாதாரணமாக உட்கார்ந்து டீ குடிக்கிற இடத்தில்தான் 1538இல் பெரிய கடற்போர் நடந்தது. கள்ளிக்கோட்டை சாமூதிரியின் கப்பற்படையைப் போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ டி சோசா முறியடித்தது இந்த வேதாளையில்தான். அதற்குப் பிறகு முத்துக்குளித்துறை மொத்தமும் போர்ச்சுகல் கைக்குள் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார்.

அந்தோணி கிரிமினாலி சவேரியாரின் ஆள். இத்தாலியில் பார்மா நகரத்துக்கு அருகே சிஸ்ஸா என்ற ஊரில் 1520இல் பிறந்தவர். 1545இல் கோவாவுக்கு வந்தார். சவேரியார் அவரை இந்தக் கரையில் வேலை செய்த குருக்களுக்குத் தலைவராக வைத்தார். செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்தவர், தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். நாளுக்கு முப்பது நாற்பது முறை, எங்கே நின்றாலும் சட்டென்று மண்டியிட்டுச் செபிப்பார் என்று சேசு சபையின் பழைய நூல்கள் சொல்கின்றன. மீன் காயும் மணலில், குழந்தைகள் சுற்றி நிற்க, ஒரு வெள்ளைக்காரன் திடீர் திடீரென்று மண்டிபோட்டால் ஊர் என்ன நினைத்திருக்கும்? முதலில் சிரித்திருக்கும். பிறகு பழகியிருக்கும்.

அவர் சாவுக்குக் காரணம் அவர் அல்ல. வேதாளையில் இருந்த போர்ச்சுகீசியக் காவல் தலைவனின் பேராசை. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள் எல்லோரும் இந்த ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். குறுக்கே அகழி வெட்டி, காசு கொடுத்தால்தான் தாண்டலாம் என்று வைத்தான் அவன். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு மாசக்கணக்கில் நடந்து வருகிறவனைக் கடைசி எல்லையில் நிறுத்திச் சுங்கம் கேட்டால் என்ன ஆகும்? புகார் மேலே போனது. விஜயநகரத்தின் வடுகப்படை 1549இன் நடுவில் வந்து இறங்கியது. சிறிய காவல்படைக்கு எதிரே ஆயிரக்கணக்கில் ஆட்கள். போர்ச்சுகீசியர்கள் படகுக்கு ஓடினார்கள்.

கிரிமினாலியும் ஓடியிருக்கலாம். படகு இருந்தது, கூப்பிடவும் செய்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். படை நெருங்கியதும் எதிரே போய் மண்டியிட்டுக் கையை உயர்த்தினார். முதலில் வந்த கூட்டம் அவரைத் தொடாமல் தாண்டிப் போனது. அடுத்த கூட்டமும் அப்படியே. மூன்றாவதில் ஒருவன் ஈட்டியால் குத்தினான். எழுந்து கோயிலை நோக்கி நடந்தவரை மறுபடி குத்தி, கடைசியில் தலையை வெட்டினார்கள். வயது இருபத்தொன்பது. உலகமெங்கும் சேசு சபைக்காகக் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அந்தச் சபை தொடங்கி அப்போது ஒன்பதே ஆண்டுகள்.

இன்று அவர் புதைந்த இடம் யாருக்கும் தெரியாது. புனிதர் பட்டமும் இல்லை.

வேதாளையில் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட கைலி, கையில் மடித்த பேப்பர். விஷயத்தைச் சொன்னேன்.

“பாதிரியா? இங்கயா?” என்றார். “தம்பி, இங்க ஷஹீதானவங்கன்னா எங்க ஆளுங்க இருக்காங்க. வெள்ளைக்காரன் சண்ட போட்டான்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. பாதிரிய வெட்டுனதா யாரும் சொன்னதில்ல.”

“சண்டைக்கு வந்தவர் இல்ல மாமா. சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தவர்.”

“அப்ப அவரு கூட இருந்தவங்க எங்க?”

இதைத்தான் நானும் கேட்க வேண்டியிருந்தது. அவரோடு இருந்தவர்கள் படகேறிப் போய்விட்டார்கள். அவர் ஏற்றி அனுப்பியவர்கள்தானே! முத்துக்குளிக்கும் பரதவர்கள் பருவம் பார்த்து இடம் மாறுகிறவர்கள். வேதாளையில் போர்ச்சுகீசியக் காவல் போனதும் அங்கே தங்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அழுவதற்கு ஒரு கிழவியோ, கல் நடுவதற்கு ஒரு மகனோ கரையில் மிஞ்சவில்லை. அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற அண்டிரிக் அடிகளார் இதே முத்துக்குளித்துறை மக்களுக்காகத் தமிழில் புத்தகம் அச்சிட்டார். 1578இல் தம்பிரான் வணக்கம், 1586இல் அடியார் வரலாறு. தமிழில் அச்சான முதல் புனிதர் வரலாற்று நூல் அது. ஆனால் புத்தகத்தால் மட்டும் ஒருவர் சாமியாகிவிடுவதில்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் வேண்டும்.

பெரியவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். “நல்ல மனுசன்னா அல்லா அவருக்குக் கூலி குடுத்திருப்பான்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் நுழைந்தால் வெயில் வெளியிலேயே நின்றுவிடுகிறது. பருத்த தூண்கள், சுவரெல்லாம் ஓவியம். சேதுபதிகள் போரிடுகிறார்கள், ராமாயணம் நடக்கிறது, தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் வந்து மன்னரைப் பார்க்கிறார்கள். போகலூரிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்து கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி. ஓரியூர் பாதிரியின் தலைவிதி அவர் கையில்தான் இருந்தது. அவரை மதவெறியர் என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் அவருக்கு மிக நெருக்கமாக இருந்தவர் கீழக்கரை முஸ்லிம் வள்ளல் சீதக்காதி. அப்படிப்பட்டவருக்குப் பிற மதத்தார் மேல் பிறவிப் பகை இருந்திருக்க முடியாது. அவர் பார்த்தது அரசியல் கணக்கு.

அந்தப் பாதிரியின் பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழில் அருளானந்தர். 1647 மார்ச் 1ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தார். தகப்பனார் பிரேசிலுக்கு ஆளுநராகப் போய் அங்கேயே இறந்தார். பையன் அரண்மனையில் இளவரசன் பெத்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தான். உடன் இருந்த பையன்கள் அடித்தாலும் ஏசினாலும் பதில் பேசாமல் இருந்ததால் அவனுக்கு ‘வேதசாட்சி’ என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்களாம். ஒரு தடவை கடும் காய்ச்சலில் சாகக் கிடந்தான். தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்த பிள்ளைக்கு ஒரு வருஷம் சேசு சபையின் அங்கியைப் போட்டு அரண்மனையில் நடமாட விட்டாள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் முடிந்தபோது அங்கி கழன்றது, ஆசை கழலவில்லை. பதினைந்து வயதில் சபையில் சேர்ந்தான். 1673இல் குருவாகி, அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். தாய், பாப்பரசரின் தூதர் வரை போய்த் தடுக்கப் பார்த்தாள். நேர்ந்துவிட்டவளே தடுக்க வந்ததுதான் வேடிக்கை.

மதுரை மிஷனில் அவருக்கு முன்பே இரண்டு பாதை போட்டிருந்தார்கள். ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்து மேல்சாதியாரிடம் பேசினார். அடுத்து வந்தவர்கள் பண்டாரசாமிகளாக எல்லாச் சாதியாரிடமும் போனார்கள். பிரிட்டோ எடுத்தது பண்டாரத்தின் வேஷம். காவி வேட்டி, தலைப்பாகை, கைத்தடி, காதில் வளையம். மரக்கறிச் சோறு, ஒரு வேளை. வேஷம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அவர் அதை ஐரோப்பாவுக்குப் போனபோதும் விடவில்லை. 1688இல் சபை வேலையாக லிஸ்பன் போனார். பழைய தோழன் பெத்ரோ இப்போது அரசன். மாளிகையில் தங்கவும், இளவரசனுக்கு ஆசானாக இருக்கவும் அழைத்தான். இவர் கறி மீன் தொடாமல், கட்டிலில் படுக்காமல், எப்போது கப்பல் என்று கேட்டுக்கொண்டே இருந்து 1690இல் கோவா திரும்பினார்.

அப்படி அவரை இழுத்தது எது? லிஸ்பன் போவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மறவர் சீமையில் அவர் பட்டது என்று நினைக்கிறேன். 1686இல் உபதேசிகளோடு பிடிபட்டார். கிணற்றில் முக்கி முக்கி எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த கூர்ப்பாறையில் படுக்கவைத்து மேலே ஏறி மிதித்தார்கள். சிவ நாமம் சொல்லச் சொன்னார்கள். மறுத்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களில் வலியைப் பற்றிய புலம்பல் இல்லை. வாராத விருந்தாளி வாசலில் வந்து நின்றதைப் போன்ற ஒரு பரபரப்புத்தான் இருக்கிறது. பக்தியில் இந்த நிலை நமக்குத் தெரியாததல்ல. நாயன்மார் கதைகளில் கண்ணைத் தோண்டியவரும் பிள்ளையை அறுத்தவரும் இந்தப் பரபரப்போடுதான் வருகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் பயமும் உண்டு. செத்துப்போக இவ்வளவு ஆசைப்படுகிற ஒருவரை எப்படி எடுத்துக்கொள்வது? ஆனால் வெறும் சாவாசை மட்டும் என்றால், பத்தொன்பது வருஷம் காடு மேடு சுற்றிக் கொள்ளை, பஞ்சம், படையெடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஜனங்களோடு கஞ்சி குடித்துக் கிடந்திருக்க முடியாது. அந்த முறை கிழவன் சேதுபதி அவரை வரவழைத்து, என்ன போதிக்கிறாய் என்று நேரிலேயே கேட்டு, விடுதலையும் செய்தார். என் சீமையில் இனிப் போதிக்காதே என்ற கட்டளையோடு.

திரும்பி வந்தவர் அதே சீமைக்குத்தான் போனார். அங்கே தடியத்தேவர் என்ற பிரபு, நோய் முற்றிக் கிடந்தவர், உபதேசி ஒருவர் வேதம் வாசித்துச் செபித்ததில் குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவிதான் வைத்துக்கொள்ளலாம் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் சம்மதித்து, முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனைக்குப் போய் அழுதாள். பிரசங்கங்களில் கடலாயியை, யோவானின் தலையைக் கேட்டு வாங்கிய ஏரோதியாளோடு சேர்த்து வைப்பார்கள், அருளானந்தரைத் திருமுழுக்கு யோவானோடு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்திய வீட்டிலிருந்து, தான் செய்த தப்பு எதுவும் இல்லாமல், ஒரு காலைப் பொழுதில் வெளியேற்றப்பட்டவள் அவள். அழாமல் என்ன செய்வாள்? அதோடு தடியத்தேவர் சேதுபதிப் பட்டத்துக்கே உரிமை பேசக்கூடிய வழியில் வந்தவர். அவர் பின்னால் புதிய வேதத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டால் என்ன ஆகும் என்று கிழவன் யோசித்திருப்பார். ஒரு பெண்ணின் கண்ணீர் அந்த யோசனைக்கு நல்ல சாக்கு.

1693 ஜனவரி 8ஆம் தேதி பிடித்தார்கள். ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலவரம் வரும் என்று, வடக்கே பாம்பாற்றங்கரையில் ஓரியூரை ஆண்ட சகோதரரிடம் அனுப்பினார் சேதுபதி.

ராமநாதபுரத்திலிருந்து ஓரியூர் போகும் வழியில் ஆர்.எஸ். மங்கலம் வருகிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்லும் கண்மாய் அதுதான். ஒரு கரையில் கிளம்பிய நாரை மறு கரை சேரும் முன் களைத்துவிடும் என்று அர்த்தம். தண்ணீர் இருந்தால் கடல், இல்லாவிட்டால் மாட்டு மந்தைக்கு மைதானம். அதைத் தாண்டித் திருவாடானை வட்டாரத்தில் நெல் வயல்கள். மாவட்டத்துக்கே சோறு போடும் பூமி. வயல் விட்ட இடமெல்லாம் சீமைக் கருவேலம். கையும் காலும் விலங்கோடு அவரை நடத்திக்கொண்டு போனது இந்த வெளியில்தான், தை மாத வெயிலில்.

ஓரியூரை ஆண்டவர் நோயாளி. இவர் சித்து தெரிந்த சாமியார், தன்னைக் குணமாக்குவார் என்று நம்பிக் கேட்டார். அது கடவுள் வேலை, என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் அருளானந்தர். பிப்ரவரி 3ஆம் தேதி, சிறையிலிருந்தபடி, மையில்லாததால் கரியைத் தொட்டு, சக குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். நல்லதைச் செய்தது குற்றம் என்றால் அந்தக் குற்றத்துக்காகச் சாவது எவ்வளவு பெரிய பேறு என்பது அதன் சாரம். அழுத்தம் திருத்தமான, சந்தோஷமான கடிதம். அதை வாசிப்பவருக்குத்தான் கை நடுங்கும்.

மறுநாள் பிப்ரவரி 4, விபூதிப் புதன். ஆற்றங்கரை மேட்டுக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்சம் செபிக்க நேரம் கேட்டார். மண்டியிட்டவர் நேரம் போவது தெரியாமல் அப்படியே இருந்தார். வெட்ட வந்தவன் வாளை வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். முடித்ததும் எழுந்து அவனைக் கட்டித் தழுவி, உன் வேலையைச் செய் என்றார். அவர் கழுத்தில் தொங்கிய அருட்பண்டப் பேழையை வெட்டுகிறவன் மந்திரத் தாயத்து என்று பயந்து, கையால் தொடாமல் வாளாலேயே கயிற்றை அறுத்தான். நெஞ்சு கிழிந்தது. பிறகு தலை. கையையும் காலையும் துண்டித்து உடலைக் கழுமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அந்த வாள் கோவா வழியாக லிஸ்பன் போய் அரசன் பெத்ரோவின் கைக்குச் சேர்ந்தது. சேதி வந்த அன்று அருளானந்தரின் தாயைத் துக்க உடையில் அல்ல, விழா உடையில் அரண்மனைக்கு வரச் சொன்னார்கள். அவளும் வந்தாள். புறநானூற்றின் மூதின்முல்லைத் தாயர்களைப் படித்துவிட்டு இந்த இடத்துக்கு வருகிறவர்களுக்கு அவளை அடையாளம் தெரியும்.

1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22இல் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் புனிதராகவும் ரோம் அறிவித்தது. ஓரியூர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வெட்டுண்ட நாளிலிருந்தே சனம் அங்கே போக ஆரம்பித்திருந்தது, அதுவும் மண்ணுக்காக. சுற்றுப்புறம் சாம்பல் நிறத்தில் கிடக்க, அந்த மேட்டு மண் மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கிறது. மண்ணில் இரும்பு இருக்கிறது என்பார் விஷயம் தெரிந்தவர். ரத்தம் ஊறியது என்பார்கள் இங்கே. நான் பார்த்தபோது ஒரு கிழவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அடி மண்ணை அள்ளினாள். கல், சருகு எல்லாம் பொறுக்கி எறிந்தாள். புடவை முந்தானையில் ஒரு முடிச்சு. கொஞ்சத்தை நாக்கில் தொட்டு வைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் நின்ற பேரன் நெற்றியில் பூசினாள். திருநீறு பூசுகிற அதே மூன்று விரல்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு குடும்பம் டிராக்டரில் வந்து இறங்கியிருந்தது. அண்டா, விறகு, அரிசி மூட்டை, கழுத்தில் மாலையோடு ஒரு கிடாய். காது குத்து. பிள்ளையில்லாத தம்பதிக்கு நேர்ந்து பிறந்த குழந்தை. தலையை மழித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். தென்னம்பிள்ளை ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள், நேர்த்திக்கடனாகக் கொடுக்க. கிடாய் மேல் தண்ணீர் தெளித்ததும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அசையவில்லை. மறுபடி தெளித்தார்கள். உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. “உத்தரவு ஆயிருச்சு” என்றார் ஒருவர். அவ்வளவுதான், வேலை நடந்தது.

அவர்கள் இந்துக்கள். தேவகோட்டைப் பக்கம். “அருளானந்தசாமி எங்களுக்குக் குலசாமிப்பா” என்றாள் அந்த வீட்டு மூத்த அம்மா. “எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து.”

“அவர் வேற நாட்டுக்காரர் இல்லையா ஆத்தா?”

“எந்த நாடா இருந்தா என்ன, இந்த மண்ணுலதான வெட்டுப்பட்டாரு?”

வேதாளையில் கிரிமினாலியும் இந்த மண்ணில்தான் வெட்டுப்பட்டார். ஆனால் அங்கே நின்றது போர்ச்சுகீசியக் காவலின் நிழலில். பாதிரியார் எவ்வளவு பரிசுத்தவானாக இருந்தாலும், அகழி வெட்டிக் காசு பிடுங்கியவனோடு சேர்த்தே ஊர் அவரைப் பார்த்தது. அருளானந்தருக்குப் பின்னால் பீரங்கி இல்லை. முத்துக்குளித்துறையையே டச்சுக்காரன் பிடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காவி கட்டி, பனையோலைக் குடிசையில் படுத்து, மறவர், கள்ளர், உடையார், பள்ளர், பறையர் என எல்லார் தெருவிலும் நடந்தவர். அவரை வெட்டியபோது ஓடிப்போக முடியாத சனம் சுற்றிலும் இருந்தது. அவர்களுக்கு வெட்டுப்பட்டுச் செத்தவரை என்ன செய்வது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டதும், அநியாயமாகக் கொலையுண்டவனைப் பட்டவன் சாமி என்று கும்பிட்டதும் இதே மக்கள்தான். அரசர் கொன்றார் என்றால் இன்னும் நல்லது. அரசருக்கு எதிரே நின்ற சாமிக்குச் சக்தி அதிகம். சாமியார்கள் லத்தீனில் அவரைப் பற்றி எழுதி ஐரோப்பாவை அழவைத்தார்கள். சனம் கிடாயை ஓட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் நின்றது கிடாய்தான் என்பேன். 1987இல் மதுரையிலிருந்து பிரிந்து சிவகங்கை மறைமாவட்டம் உருவானபோது ஓரியூர் அதன் தலைமைத் திருத்தலங்களில் ஒன்றாக ஏற்கனவே நிலைத்திருந்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த ஆத்தாவிடம் விபூதிப் புதன், கடைசிச் செபம், கரியால் எழுதிய கடிதம் இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கடிதத்தில் அவளுக்கு ஆர்வம் இல்லை. வெட்டுகிறவனைக் கட்டிப்பிடித்தார் என்றதும் மட்டும் கையிலிருந்த கரண்டி நின்றது. “அப்படியா செஞ்சாரு?” என்றாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு அதை அவளிடமும் சொல்லச் சொன்னாள். அருளானந்தரின் உள்வாழ்க்கை, அந்தச் செபம், தன்னை மறந்து மண்டியிட்டுக் கிடந்த அந்த நேரம், இதெல்லாம் குலசாமிக்குள் இருக்கிறதா இல்லையா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் குழப்பம் இல்லை. தேவையானதை எடுத்துக்கொண்டாள்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாழை இலை போட்டு உட்காரவைத்தார்கள். சுடுசோறும் கறிக்குழம்பும். வாழ்நாளெல்லாம் மரக்கறி தின்ற சாமியின் வாசலில் கறிவிருந்து என்ற யோசனை வந்தது. குழம்பு நன்றாக இருந்ததால் யோசனை நீடிக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வைக்கும்போது வேதாளைக் கதையையும் சொன்னேன். இவரைப் போலவே ஒருத்தர், நூத்தி நாற்பத்தி நாலு வருஷம் முந்தி, கடற்கரையில், மண்டிபோட்டுச் செபித்து வெட்டுண்டார் என்றேன்.

“அவருக்குக் கோயில் எங்க இருக்கு?”

“புதைச்ச இடமே தெரியல ஆத்தா.”

“கும்பிட ஆளு?”

“அவர் ஏத்திவிட்ட படகுல எல்லாரும் போயிட்டாங்க.”

கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அந்த ஊருக்கு எந்தப் பஸ்ஸு போகுது?” என்று கேட்டாள். ராமநாதபுரம் போய் அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டும், மண்டபத்துக்கு முன்னால் இறங்க வேண்டும் என்று சொன்னேன். மகனைக் கூப்பிட்டு, ஊர்ப் பேரை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.